காணாத கோளும் சோதிக்கும் கண்களும்



நம் சூரியனைத் தவிர்த்த பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் பற்றிய செய்திகள் இந்நாட்களில் அடிக்கடி வருகின்றன. உறுதிசெய்யப்பட்ட அத்தகைய கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐ எட்டியதாக 2025 செப்டம்பரில் நாசா அறிவித்தது. இச்செய்திகளைக் கேட்கும் விசுவாசிகளிடம் இரண்டு விதமான மனநிலைகளைக் காண்கிறேன். சிலர் அஞ்சுகிறார்கள். வேறோர் உலகில் உயிர் இருப்பதாக நாளை தெரியவந்தால் நம் விசுவாசம் என்னவாகும் என்று கலங்குகிறார்கள். வேறு சிலரோ கைபேசியில் வந்த செய்தியை அன்று மாலையே பிரசங்கத்தில் சேர்த்து, இதோ வேதத்திற்கு விஞ்ஞானத்தின் சாட்சி என்று முழங்கிவிடுகிறார்கள். இவ்விரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அதன் முக்கியமான அதிகாரம் நம் தமிழகத்தில், சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுதப்பட்டது. இவ்வாரம் அதைச் சிந்திப்போம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வானாய்வகம் ஒன்றை அமைத்தார். பின்னர் அது கம்பெனியின் வசமாயிற்று. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்று தனிக் கட்டடம் எழும்பியது. கருவிகளைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூணைச் சென்னை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் காணலாம். அதன்மேல் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியாவின் நில அளவைக்குத் தீர்க்கரேகைக் குறிப்பைத் தந்ததும், கப்பல்களுக்குச் சரியான நேரத்தை அறிவித்ததும் அந்த ஆய்வகமே.

1848ஆம் ஆண்டு முடியும் தருவாயில் அதன் பொறுப்பை ஏற்றவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த ஒரு குருவானவரின் மகன். பம்பாய் பொறியாளர் படையில் சேர்ந்து, இந்தியப் பெரு முக்கோண அளவைப் பணியில் உழைத்தவர். பூனாவில் இருந்தபோதே சொந்தமாகச் சிறு வானாய்வகம் வைத்து, இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியலிட்டவர். இரட்டை விண்மீன் என்பது வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும், தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரியும் விண்மீன் இணை. அவற்றுள் பல, ஒன்றையொன்று சுற்றிவருபவை.

ஜேக்கப்பின் கவனத்தை ஈர்த்த இணைகளுள் ஒன்று 70 ஓபியூக்கி. ஆனி, ஆடி மாதங்களில் இரவு பத்து மணியளவில் தெற்கே பாருங்கள். விருச்சிகமும் அதன் நடுவே செந்நிறமான கேட்டையும் தெரியும். அதற்கு மேலே, ஏறத்தாழ நம் தலை உச்சிவரை பரந்து கிடப்பது ஓபியூக்கஸ் என்னும் விண்மீன் கூட்டம். பாம்பைக் கையில் ஏந்திய மனிதனாகக் கிரேக்கர் அதை உருவகித்தனர். அக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் மங்கலாக ஒளிரும் 70 ஓபியூக்கி, நம்மிடமிருந்து சுமார் 17 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள விளக்கு வெளிச்சத்தில் அதைக் காண்பது அரிது. ஊரைத் தாண்டி வயல்வெளிக்குப் போனால் தெளிவான இரவில் வெறுங்கண்ணுக்கே தென்படும்.

அதன் இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகின்றன. 1779இல் வில்லியம் ஹெர்ஷல் அவற்றை அளந்தது முதல் பலர் தொடர்ந்து அளந்து வந்தனர். அந்த அளவுகளையும் தம்முடையவற்றையும் ஒப்பிட்ட ஜேக்கப், கணக்கின்படி அவை இருக்கவேண்டிய இடத்திற்கும் உண்மையில் காணப்பட்ட இடத்திற்கும் வேறுபாடு இருப்பதையும், அது ஒருவித ஒழுங்குடன் கூடிக் குறைவதையும் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள் ஒன்று இழுப்பதால் இது நேரலாம் என்று எண்ணினார். 1855இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் மாத இதழில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. வேறொரு விண்மீனின் அருகே கோள் இருக்கிறது என்று அளவுகளின் அடிப்படையில் முன்வைக்கப்பட்ட மிகப் பழைய கூற்றுகளுள் அது ஒன்று. ஜேக்கப் அடக்கமாகவே எழுதினார். கோளைக் கண்டுவிட்டேன் என்று சொல்லாமல், அப்படி ஒன்று இருப்பது பெரிதும் சாத்தியம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

காணாத ஒன்றை இப்படிக் கணிப்பது வீண் கற்பனையல்ல. வண்டியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தைப்பூச இரவில் தெப்பம் நீரின்மேல் நகர்வதைத் தொலைவிலிருந்து பார்க்கிறீர்கள். இருளில் வடமும் தெரியாது, கரையில் நின்று அதை இழுப்பவர்களும் தெரியார். ஆயினும் தெப்பம் திரும்பும் விதத்தைக் கொண்டே, எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஜேக்கப்பின் காலத்தில் இவ்வழி இரண்டு பெரிய பலன்களைத் தந்தது. யுரேனஸின் பாதையிலிருந்த பிசகைக் கொண்டு லெவெரியே கணித்த இடத்திற்கு மிக அருகிலேயே, 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் நெப்டியூன் கண்டறியப்பட்டது. சிரியஸ் விண்மீன் அசைந்து அசைந்து செல்வதைக் கண்ட பெஸ்ஸல், அதற்குக் காணாத துணை ஒன்று உண்டென்று 1844இல் அறிவித்தார். 1862 ஜனவரியில் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அத்துணையைக் கண்ணாலேயே கண்டார்.

அதே 1862இல் ஜேக்கப்பின் வாழ்வு முடிந்தது. உடல்நலம் குன்றிச் சென்னைப் பணியிலிருந்து விலகி இங்கிலாந்து சென்றிருந்த அவர், பூனா அருகே மலைமேல் புதிய வானாய்வகம் அமைப்பதற்காக மீண்டும் இந்தியா வந்தார். கரையிறங்கிய சில நாட்களிலேயே, ஆகஸ்ட் மாதத்தில், பூனாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

அவர் கணித்த கோள் என்னவாயிற்று? 1890களில் தாமஸ் சீ என்ற அமெரிக்க வானியலர் அதே விண்மீனை மீண்டும் ஆராய்ந்தார். 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் இருண்ட துணை ஒன்று அங்கே இருப்பதாக உறுதியாக அறிவித்தார். 1899இல் ஃபாரஸ்ட் மோல்டன் அதைக் கணிதத்தால் சோதித்து, அப்படிப்பட்ட மூவர் கூட்டு நிலைத்திருக்க முடியாது, விரைவில் குலைந்துவிடும் என்று காட்டினார். சீ கடுஞ்சொற்களால் பதிலளித்தார். வாதத்தில் தோற்றதோடு நற்பெயரையும் இழந்தார். 70 ஓபியூக்கியைச் சுற்றி ஒரு கோளும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.

ஜேக்கப்பின் கணிப்பு தவறியதன் காரணத்தை இன்று விளங்கிக்கொள்ளலாம். 1779க்கும் 1855க்கும் இடையே 76 ஆண்டுகள்தாம். அவ்விண்மீன்கள் ஒரு முழுச் சுற்றைக்கூட முடித்திருக்கவில்லை. அளந்த கைகள் பல, கருவிகளும் பல. போதாதற்கு, காற்றின் நடுக்கத்தில் விண்மீனின் உருவமும் நடுங்குகிறது. அவர் தேடிய பிசகு எவ்வளவு சிறியதோ, அவ்வளவு பிழை அந்த அளவுகளுக்குள்ளேயே இருந்தது. அவரது தர்க்கம் நல்லது. அதைத் தாங்கும் அளவுக்கு அன்றைய கருவிகள் வளரவில்லை.

அதே ஓபியூக்கஸ் கூட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பார்னார்டின் விண்மீனைப் பல்லாண்டுகள் புகைப்படத் தகடுகளில் பதிவுசெய்த பீட்டர் வான் டி கேம்ப், அதற்கு வியாழனைப் போன்ற கோள் இருப்பதாக 1963இல் அறிவித்தார். பாடநூல்களும் அதை ஏற்றன. 1973இல் வேறு ஆய்வாளர்கள் வேறு தொலைநோக்கிகளின் தகடுகளை அளந்தபோது அந்த அசைவு காணப்படவில்லை. வான் டி கேம்ப் பயன்படுத்திய தொலைநோக்கியின் லென்ஸைக் கழற்றி மாட்டிச் சரிசெய்த காலங்களில்தான் அவருடைய விண்மீன் 'அசைந்தது' என்பதும் தெரியவந்தது. ஆயினும் 1995இல் இறக்கும்வரை அவர் தம் முடிவைக் கைவிடவில்லை. அண்மையில், 2024-25இல், அந்த விண்மீனைச் சுற்றி நான்கு சிறு கோள்கள் இருப்பது உறுதியாயிற்று. ஆனால் அவை அவர் சொன்ன கோள்கள் அல்ல. ஒருவர் நம்பிய பொருள் இருக்கக்கூடும். அதற்காக அவர் காட்டிய சான்று சரியாகிவிடாது. பிரசங்கம் செய்கிறவர்கள் இதை ஆழ்ந்து எண்ணவேண்டும்.

ஜேக்கப் தம் கட்டுரையை எழுதிய நாட்களில் இங்கிலாந்தின் சபை வட்டாரங்களில் பெரிய விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் தலைவரும் ஆங்கிலிக்கன் குருவுமான வில்லியம் வீவெல், பிற உலகங்களில் அறிவுள்ள உயிர்கள் உண்டென்னும் கருத்தை மறுத்து 1853இல் பெயர் குறிப்பிடாமல் ஒரு நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் எதிர்நூல் எழுதினார். இத்தனை உலகங்களைப் படைத்த தேவன் அவற்றை வெறுமையாக விட்டிருப்பாரா என்பது அவருடைய வாதம். ஒளியியலில் பெரும்புகழ் பெற்ற அவரும் பிரசங்கம் செய்ய உரிமம் பெற்றவரே. இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் கல்விமான்கள். இருவரும் சிருஷ்டிகரின் மகிமையையே நாடினார்கள். ஆனால் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தார்கள். பிற விண்மீன்களின் கோள்கள் பற்றி இருவரிடமும் நிச்சயமான ஒரு சான்றும் இல்லை. வானத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பக்தி மட்டும் விடைதராது. பார்த்து அளந்துதான் அறியவேண்டும்.

அந்த அளவை எப்படிச் சாத்தியமாயிற்று? மூன்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றிற்கும் நம் மண்ணில் ஒரு தொடர்பு உண்டு.

முதலாவது, ஒளியின் நிறமாலையை அளப்பது. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் ஒளி சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். மதுரையிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் இருக்கும் கொடைக்கானல் வானாய்வகத்தில், இந்த நகர்வைக் கொண்டுதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தார். அதே தத்துவத்தை விண்மீன்களுக்குப் பயன்படுத்திய மிஷெல் மேயரும் திதியே கெலோசும் 1995இல் 51 பெகாசி விண்மீனின் கோளைக் கண்டனர். அக்கோள் தன் விண்மீனை நொடிக்குச் சுமார் 55 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. 2019இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, கடப்பு முறை. கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி சற்றே குறையும். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை எளிய மக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். அவர் விளக்கிய அதே நிகழ்வைத் தொலைதூர விண்மீன்களில் தேடுவதற்காக 2009இல் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. பூமியைப் போன்ற கோள் சூரியனைப் போன்ற விண்மீனைக் கடந்தால் மறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான ஒளி. காற்று மண்டலத்திற்கு மேலே நின்று ஏறத்தாழ 1,50,000 விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் இமைக்காமல் பார்த்த கெப்ளரின் கருவியால் அதை அளக்க முடிந்தது. அதன் பதிவுகளிலிருந்து 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் கண்டறியப்பட்டன.

மூன்றாவது, ஜேக்கப்பின் வழி. விண்மீனின் இடம் அசைவதை நேரடியாக அளப்பது. இதுவே எல்லாவற்றிலும் பழையது, இதுவே எல்லாவற்றிற்கும் பிந்திப் பலித்தது. வானவியலர் பயன்படுத்தும் கோண அளவில் ஒரு விகலை என்பது, இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயம் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் காட்டும் அளவு. ஜேக்கப் அந்த விகலையின் சிறு பின்னங்களுக்காகப் போராடினார். 2013இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலமோ, அந்த நாணயத்தை நிலவுக்குச் செல்லும் வழியில் பாதித் தொலைவில் வைத்தால் அது காட்டும் கோணம்வரை அளந்தது. அந்த அளவுகளிலிருந்து தெரிந்த ஓர் அசைவை நிலத்திலுள்ள தொலைநோக்கிகளும் சோதித்து உறுதிசெய்தபின், கையா-4பி என்ற கோள் 2025இல் அறிவிக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து கட்டுரை சென்று 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜேக்கப் சொன்ன கோள் இல்லை. ஆனால் கோளைத் தேட அவர் சென்ற வழி சரியானது.

2021 கிறிஸ்துமஸ் நாளன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு சாலையைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல விண்மீனின் ஒளியை மறைத்து, அருகிலுள்ள மங்கலான கோளைப் பார்க்கும் கருவி அதில் இருக்கிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ரிஷோ என்ற இயேசு சபைக் குரு, ஆல்பா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு விண்மீன்கள் என்று கண்டார். அவ்விரண்டில் பெரியதை 2024 ஆகஸ்டில் வெப் நோக்கியபோது கோள் போன்ற ஒளிப்புள்ளி தென்பட்டது. 2025இன் தொடக்க மாதங்களில் மீண்டும் பார்த்தபோது அது காணப்படவில்லை. கோள் தன் பாதையில் விண்மீனை நெருங்கி மறைந்திருக்கலாம் என்று கணக்குகள் காட்டுகின்றன. ஆகவே ஆய்வாளர்கள் அதைக் கோள் என்று சொல்லாமல், கோளாக இருக்கக்கூடியது என்றே எழுதியிருக்கிறார்கள்.

இந்த அடக்கத்தைக் கவனியுங்கள். இப்போது நம் கைபேசிகளுக்கு வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் பணிபுரியும் நம் நாட்டவரான நிக்கு மதுசூதனின் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளின் காற்றில், பூமியின் கடல்நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற வாயுவின் அறிகுறி வெப் கருவிகளில் தெரிகிறது என்பது அதன் சாரம். அது தற்செயலாக நேர்ந்திருக்க 0.3 சதவீத வாய்ப்பு உண்டு, கண்டுபிடிப்பு என்று சொல்ல இன்னும் உறுதி வேண்டும் என்று அக்குழுவே கூறிற்று. நம்மை வந்தடைந்த தலைப்புகளிலோ, வேற்றுலகில் உயிர் கிடைத்துவிட்டது என்றிருந்தது. பின்னர் அதே தரவுகளைச் சோதித்த வேறு குழுக்கள், சான்று போதாது என்று எழுதின. விவாதம் இன்னும் முடியவில்லை.

அன்பானவர்களே, பவுலும் சீலாவும் பெரோயா பட்டணத்திற்கு வந்தபோது அங்கிருந்தோர் நடந்துகொண்ட விதத்தை அப்போஸ்தலர் நடபடிகளின் பதினேழாம் அதிகாரத்தில் வாசியுங்கள். அவர்கள் செய்தியை ஆவலோடு கேட்டார்கள். கேட்டபின் அது அப்படித்தானா என்று நாள்தோறும் வேதத்தைப் புரட்டிச் சோதித்தார்கள். அதை அவிசுவாசம் என்று லூக்கா எழுதவில்லை, நற்குணம் என்று மெச்சுகிறார். அப்போஸ்தலன் சொன்னதையே சோதிப்பது நற்குணம் என்றால், யாரோ அனுப்பிய செய்தியைச் சோதிக்காமல் சபைக்கு முன் வைப்பது எங்ஙனம் நற்குணமாகும்?

அஞ்சுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டாம் சங்கீதத்தில் தாவீது வானத்தைப் பார்த்து மனிதனுடைய சிறுமையை எண்ணி வியக்கிறான். அவன் கண்டது வெறுங்கண்ணுக்குத் தெரிந்த சில ஆயிரம் விண்மீன்கள்தாம். அத்தனைக்கு முன்பாகவே மனிதன் அற்பமானவன் என்று அவன் அறிந்திருந்தான். ஆயினும் தேவன் தன்னை நினைக்கிறார் என்பதே அவனுடைய ஆச்சரியம். கோள்கள் 6,000 ஆனாலும் அறுபது லட்சம் ஆனாலும் அந்த ஆச்சரியம் குறையாது. நம் விசுவாசம் வேற்றுலகம் வெறுமையாக இருப்பதைச் சார்ந்ததல்ல. அங்கே உயிர் கிடைப்பதையும் சார்ந்ததல்ல. எனவே எந்தச் செய்திக்கும் நாம் பதற வேண்டியதில்லை. சான்று முதிரும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாம்.

இவ்வாரம் உங்களிடம் ஒரு காரியம் வேண்டுகிறேன். வானத்தைப் பற்றியோ வேதத்தைப் பற்றியோ வியப்பூட்டும் செய்தி ஒன்று கைபேசிக்கு வந்தால், அதைப் பிறருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை அளந்தவர் யார்? அவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார்? வேறு யாராவது சோதித்தார்களா? விடை கிடைக்காவிட்டால் அனுப்பாதிருங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும்படியான கற்பனை விண்மீன்களைப் பற்றிய பேச்சுக்கும் பொருந்தும். ஜேக்கப்பின் கோள் பொய்த்தது. அவரோ தமக்குத் தெரிந்த அளவுக்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஆகையால் அவருடைய பெயர் இன்றும் மதிப்போடு நினைக்கப்படுகிறது.

சோதித்தறியும் மனதையும் காத்திருக்கும் பொறுமையையும் ஆண்டவர் நம் அனைவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.

வண்டியூரிலிருந்து,
கர்த்தருக்குள் உங்கள் ஊழியன்.